பதின்ம வயதில் புற்றுநோயால் இறந்த ஒருவரை நீங்கள் எப்படி நினைவுகூர்கிறீர்கள்?

பேசித்தான். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

என் சித்தி மகன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர், 2021-ல் இறந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. வீட்டில் கேட்காமல் பெயர் போட மனம் வரவில்லை. முதல் ஒரு வருஷம் நாங்கள் யாரும் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. சித்தி இருக்கும்போது அவன் பேச்சு வந்தால் யாராவது மீன் விலை, மழை என்று எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கடைசியில் சித்தியே சொன்னார், "நீங்க பேசாம இருந்தா எனக்கு மறந்துருமா மக்களே? பேசுங்க, நான் கேக்கேன்."

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் 'என்றும் சிரித்த முகம்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கூட்டுக்காரனை வெட்டிவிட்ட படம், அவன் கை மட்டும் இவன் தோளில் அப்படியே கிடந்தது. ஆனால் அவன் அப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கிற ஆள் கிடையாது. நல்ல கோபக்காரன், பந்து விளையாடித் தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊர்களில் உலகக் கோப்பை வந்தால் தெருவே பிரேசில், அர்ஜென்டினா என்று இரண்டாகிவிடும், அவன் பிரேசில். 2018-ல் பெல்ஜியத்திடம் 2-1 என்று தோற்ற ராத்திரி சித்தி எடுத்துவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் விடியும்வரை தொடாமல் இருந்தது.

பந்து விளையாடுகிற பையன் கால்முட்டு வலிக்கிறது என்றால் யாருக்கு என்ன தோன்றும்? முதலில் பார்த்த டாக்டரும் தசைப்பிடிப்பு என்று மாத்திரையும் தைலமும் எழுதிக்கொடுத்தார். வலி ராத்திரிதான் அதிகம், விளையாட்டை நிறுத்திய பிறகும் குறையவில்லை, அப்புறம் முட்டுக்கு மேலே வீக்கம். எக்ஸ்ரே எடுத்ததும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே சதை எடுத்துப் பார்த்துச் சொன்ன பெயர் ஆஸ்டியோசார்கோமா. எலும்பிலேயே தொடங்குகிற புற்றுநோய், பிள்ளைகள் வேகமாக வளர்கிற வயதில், பெரும்பாலும் கால்முட்டுப் பக்கத்தில் வருவது. விளையாடியதால் வருவதில்லை, அடிபட்டதாலும் இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "பந்து விளையாட விட்டதாலதான்" என்று சித்தி முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி வாரக்கணக்கில் ராத்திரி வலி இருந்தால் தைலத்தோடு நிறுத்தாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கீமோவில் ஏற்றுகிற ஒரு மருந்து நல்ல சிவப்பாக இருக்கும். அது ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும், இதை முதல் தடவை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரத்தம் என்று நினைத்துக் கழிவறையிலேயே நின்று அழுதிருக்கிறான். அதன்பிறகு வார்டுக்குப் புதிதாக எந்தப் பையன் வந்தாலும், தமிழோ மலையாளமோ, ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் போய் முதலிலேயே சொல்லிவிடுவான்: "பயப்படாத கேட்டியா, சிவப்பாத்தான் போகும். அது மருந்து, ரத்தம் இல்ல." யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. எனக்கு அவனை நினைத்தால் முதலில் வருவது இதுதான்.

நோய் பிடித்த எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்தார்கள், கால் தப்பியது. 2020 ஊரடங்கு வந்தது, கேரள எல்லையில், களியக்காவிளையில் இ-பாஸ் காட்டிக் காட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வருகிற சித்தப்பா அந்தக் காலம் முழுக்கக் கடலுக்கே போகவில்லை. அதற்குள் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. கடைசி மாதங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இப்போது நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவன் கூட்டுக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் முடிந்ததும் சித்தி வீட்டில் சாயா, பிறகு பந்துப் பேச்சு. 2022-ல் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றதைப் பற்றி ஒரு தடவை பெரிய சண்டையே நடந்தது. நெய்மாரைக் கடைசிக்கு வைத்தார்கள், அவன் அடிக்க முறையே வரவில்லை, முதல் ஆளாக விட்டிருந்தால் கதை வேறு என்று ஒருவன் கத்த, அர்ஜென்டினாக்காரன் ஒருவன் பதிலுக்குக் கத்த, சித்தி பலகாரத் தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். "இத அவன் பாத்திருந்தாம்னா ரெண்டு நாளு சாப்பிட்டிருக்க மாட்டான்" என்றார். "மூணு நாளு சித்தி" என்றேன் நான்.