வளையலை அடகு வைத்து லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். செலவெல்லாம் போக மாதம் 22,000 ரூபாய் கைக்கு வரும். மகன் கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். கல்விக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. மேக்புக்தான் வேண்டும் என்கிறான், 90,000 ரூபாய். கடைக்காரர் வட்டியே இல்லை, மாதம் 7,500 வீதம் 12 மாதம் கட்டுங்கள் என்கிறார். என் தம்பியோ, கேமிங் லேப்டாப் வாங்கினால்தான் நாலு வருஷம் தாங்கும் என்கிறான். என்னிடம் 45,000 ரூபாய் இருக்கிறது. இஎம்ஐ போடவா, இரண்டு பவுன் வளையலை அடகு வைத்து மொத்தமாகக் கட்டிவிடவா? மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. அதை என்ன செய்வது?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: வளையலைத் தொடாதீர்கள் அம்மா. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

வளையலை வைத்து 45,000 எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 450. மீட்க இரண்டு வருடம் ஆனால் வட்டி மட்டும் 10,800. அந்த இரண்டு வருடத்தில் லேப்டாப்பின் விலை ஏறக்குறைய பாதியாகியிருக்கும். நாளுக்கு நாள் மதிப்பு இறங்கும் பொருளுக்காக, அவசரத்துக்கு உதவும் பொருளை அடகுக் கடையில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். ஹாஸ்டலில் பையனுக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வந்தால், அப்போது கைகொடுக்க வேண்டியது அந்த வளையல்.

அடுத்து இஎம்ஐ. 'வட்டியில்லா இஎம்ஐ' என்று ஒன்று உண்மையில் கிடையாது. ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் இதைச் சொல்லியிருக்கிறது. வட்டி இருக்கிறது, அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். மாதம் 7,500 வீதம் 12 மாதம் கட்டினால் 90,000. வங்கி 15 சதவீத வட்டி போட்டால், அது உண்மையில் கடனாகத் தருவது சுமார் 83,100 ரூபாய்தான். மீதி 6,900 ரூபாய் வட்டி. அதைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கிரெடிட் கார்டில் போடும் இஎம்ஐ என்றால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும்: ஏறக்குறைய 1,240 ரூபாய். பிராசசிங் கட்டணம் தனி. அதைவிட முக்கியமானது, ரொக்கமாகக் கட்டினால் அந்த 6,900-இல் ஒரு பகுதியையாவது விலையில் குறைத்துக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. எந்தக் கடையிலும் முதலில் "ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று கேளுங்கள். இஎம்ஐ பேச்சை அப்புறம் எடுக்கட்டும்.

இதையெல்லாம் விடுங்கள். 22,000-இல் 7,500 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தீபாவளி, பொங்கலுக்குத் துணி குவியும், சரி. ஆடி மாதம்?

இப்போது, யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு வழி. கல்விக் கடன் இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதாகப் போயிற்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம் மட்டுமல்ல, படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டரும் நியாயமான விலையில் அடக்கம். மொத்தக் கடன் 4 லட்சத்துக்குள் இருந்தால் கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு, தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்பிஏவின் அங்கீகாரம் இருந்தால், அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே மானியமாகக் கட்டும் திட்டமும் இருக்கிறது. உங்கள் வருமானம் வருடத்துக்கு 2.64 லட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் நீங்கள் வரம்புக்குள்தான் வருகிறீர்கள்.

ஆகவே, இந்த வாரமே கடையில் லேப்டாப்புக்கு ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், "செலவுப் பட்டியலில் லேப்டாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வட்டி மானியத்துக்கும் பதிவு செய்யுங்கள்" என்று இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. கடன் அனுமதியான பிறகு சேர்ப்பது அலைச்சல்.

கொட்டேஷன் எதற்கு என்பதுதான் அடுத்த கேள்வி. 55,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள்.

மேக்புக் மோசம் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி நாள் முழுக்க நிற்கும், சூடாகாது, ஆறு வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் ஏதோ ஒரு விலை வரும். 90,000-க்கு வாங்கி, ஆறு வருடம் வைத்திருந்து, 20,000-க்கு விற்றால் வருடத்துக்கு 11,700 ஆகிறது. 55,000 ரூபாய் விண்டோஸ் லேப்டாப்பை ஐந்து வருடம் ஓட்டி 8,000-க்கு விற்றால் வருடத்துக்கு 9,400. பெரிய வித்தியாசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு வருடமும் அது உடையாமல், தொலையாமல், மேலே டீ கொட்டாமல் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் நான்கு பேர் இருக்கும் அறையில் இதற்கு யார் உத்தரவாதம்? மேக்புக்கில் ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), ஸ்டோரேஜ் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), பிராசசர் (லேப்டாப்பின் மூளை) எல்லாம் ஒரே போர்டில் ஒட்டியிருக்கும். ஒன்று போனால் போர்டோடு மாற்ற வேண்டும். வசதியுள்ள வீட்டுக்கு அது பொறுக்கக்கூடிய செலவு. உங்களுக்கு அது இரண்டு மாத உழைப்பு.

எனக்கே நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 2016-இல் அலுவலகத்துக்கென்று மெல்லிய லேப்டாப் ஒன்றை 18 மாதத் தவணையில் வாங்கினேன். வாரண்டி ஒரு வருடம். பதினான்காவது மாதம் மதர்போர்டு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கழற்றிக் காட்டினார்கள். அடி ஸ்கேல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை, சார்ஜர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு கருகல். மாற்ற 19,000 ரூபாய் என்றார்கள். இன்னும் நான்கு தவணை பாக்கி. ஓடாத மெஷினுக்கு நான்கு மாதம் பணம் கட்டினேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் விலையைப் பார்க்கும் முன் வாரண்டியைப் பாருங்கள் என்கிறேன். மூன்று வருட வாரண்டி, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் சேவை, கீழே விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு: இவற்றுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம். அழகான மூடிக்குக் கொடுக்க வேண்டாம்.

தம்பி சொல்லும் கேமிங் லேப்டாப்பில் விலையின் கணிசமான பகுதி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் அது வேண்டும். மெஷின் லேர்னிங் பக்கம் போனால் என்விடியா கார்டு உதவும், உண்மை. ஆனால் அது மூன்றாம், நான்காம் வருடப் பேச்சு, அதற்கும் கூகுளின் கம்ப்யூட்டரை இணையம் வழியாகப் பயன்படுத்தும் கொலாப் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வருடத்தில் பெரும்பாலும் பைதான், சி, கணிதம், இயற்பியல்தான். மெஷினே இரண்டு கிலோவுக்கு மேல், அதன் சார்ஜர் ஒரு செங்கல் மாதிரி. பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதிகச் சூடாவதால் நாலு வருஷம் தாங்கும் என்பதும் உறுதியில்லை.

பிராண்ட் எது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடையில் அதைத்தான் பேசுவார்கள். தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தைக்கும் மெஷின் வேறு, நாள் முழுக்க ஓடும் பவர் மெஷின் வேறு. மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இரும்பு வேறு. லேப்டாப்பும் அப்படித்தான். லெனோவோவில் ஐடியாபேடும் திங்க்பேடும் ஒன்றல்ல. எச்பியில் பெவிலியனும் எலைட்புக்கும் ஒன்றல்ல. ஏசஸில் விவோபுக்கும் எக்ஸ்பர்ட்புக்கும் அப்படியே. "டெல் நல்லது, ஏசர் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்பவர் எந்த மாடலைச் சொல்கிறார் என்று கேளுங்கள். கோவையில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். என் கணக்கில் அது பிராண்டைவிடப் பெரிய விஷயம்.

கடையில் ஏமாறும் இடம் 'ஐ5' என்ற ஒற்றைச் சொல். ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் பிராசசர் பெயர், பதினைந்து வருடத்துக்கு மேலாக வருகிறது. எந்தத் தலைமுறை என்று சொல்லாமல் ஐ5 என்று மட்டும் சொன்னால் அதில் அர்த்தமில்லை. இன்னொரு பிராசசர் கம்பெனியான ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 7520யூ என்றால் புதியது போலத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அதே ரைசன் 5 7530யூ அதைவிட நல்லது. நடுவில் ஒரு எண்தான் மாறுகிறது. அந்த முழு எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ராம் 16 ஜிபி, எஸ்எஸ்டி (தட்டு சுழலாத, வேகமான ஸ்டோரேஜ்) 512 ஜிபி இருக்கட்டும். 8 ஜிபிதான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால், பின்னால் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சில மாடல்களில் ராமை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள், அதை வாங்க வேண்டாம்.

விண்டோஸா, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸா என்பதில் குழப்பமே வேண்டாம். ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்டே வருவதை வாங்குங்கள். "விண்டோஸ் இல்லாத டாஸ் மெஷின் எடுங்கள், நாலாயிரம் குறையும், விண்டோஸ் நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்பார்கள். அப்படிப் போடுவது பெரும்பாலும் திருட்டு விண்டோஸ், அதோடு வைரஸும் வரலாம். மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதால் லினக்ஸ் கண்டிப்பாகக் கற்க வேண்டும், அதற்குத் தனி மெஷின் தேவையில்லை. விண்டோஸ் 11-க்கு உள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்திருக்கிறது.

அந்தப் பழைய அரசு லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் அதில் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். உள்ளே வட்டத்தட்டு சுழல வேண்டும், முள் தேட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் அரை நிமிடத்தில் திறக்கும். கூலியோடு 3,000 ரூபாய்க்குள் முடிந்தால் செய்யுங்கள், அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள். அதில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதில் ஏறாது என்றே நினைக்கிறேன், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதனால் லினக்ஸ் மின்ட் போடச் சொல்லுங்கள். காசு கிடையாது, 4 ஜிபி ராமில் ஓடும், பைதானும் சியும் தாராளமாகப் பழகலாம். மகனையே போடச் சொல்லுங்கள். அவன் படிப்புக்கு அதுவே முதல் பாடம்.

இதனால் உங்களுக்குக் கிடைப்பது நேரம். கல்விக் கடன் வரும் வரை, ஒரு செமஸ்டர் ஆனாலும், அவன் அந்தப் பழைய மெஷினோடும் கல்லூரி லேபோடும் சமாளிக்கலாம். அதற்குள் கல்லூரி அலுவலகத்தில் இன்னொன்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. அவன் கல்லூரி அதில் வருகிறதா, எந்த வருட மாணவர்களுக்கு என்று தெரிந்தால் கடனில் 55,000-க்கு எழுதவே தேவையில்லாமல் போகலாம்.

வங்கி லேப்டாப்பைச் சேர்க்க மறுத்தால், கையில் இருக்கும் 45,000-இல் 15,000-ஐ ஹாஸ்டல் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு, 30,000-க்குள் அலுவலகங்கள் திருப்பிக் கொடுத்த பழைய திங்க்பேட் அல்லது டெல் லாட்டிட்யூட் ஒன்றைப் பாருங்கள். இன்டெல் பதினொன்றாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், கடையின் ஆறு மாத வாரண்டி பில்லில் எழுதியிருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போகலாம்.

மகனிடம் இந்தக் கணக்கை மறைக்காமல் உட்கார்ந்து காட்டுங்கள் அம்மா. 7,500 எத்தனை ஜாக்கெட் தைத்தால் வரும் என்று அவனுக்கு உங்களைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது.