போத்தல் பற்றீரியா உருளைக்கிழங்கைக் காப்பாற்றுமா?

கேள்வி: அக்கா, லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம். இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் மத்தியானம் செடி தலை தொங்குகிறது, பின்னேரம் நிமிர்கிறது, சில நாளில் அடியோடு சாய்ந்துவிடுகிறது. மண்ணுக்கு நல்லது என்று பற்றீரியாவைப் போத்தலில் விற்கிறார்கள். ஊற்றினால் பிழைக்குமா?
- வாசகர், இராகலை

பதில்: சாய்ந்த செடி பிழைக்காது தம்பி. காசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் கிளாசில் தொங்கவிடுங்கள். ஆட்டாதீர்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் நூல் நூலாக இறங்கினால் அது பற்றீரியா வாடல்தான். ரல்ஸ்டோனியா என்ற கிருமி வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. அதற்கு மருந்து கிடையாது, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

நல்ல பற்றீரியா என்பது பொய்யில்லை. வேரை ஒட்டி வாழும் சூடோமோனாஸ், மண்ணிலுள்ள இரும்பைத் தான் பிடித்துக்கொண்டு, வேரழுகல் பங்கசுகளைப் பட்டினி போடும். பசிலஸ் என்ற இன்னொரு நல்ல பற்றீரியா, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் பொருட்களைச் சுரக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரே வயலில் வருடக்கணக்காகக் கோதுமை போட்டபோது வேர்நோய் முதலில் கூடி, அப்புறம் தானாகக் குறைந்தது. அந்த மண்ணில் பெருகிய சூடோமோனாஸ்தான் அதற்கு முக்கிய காரணம் என்று கண்டார்கள். இதைக் கேட்டுவிட்டுக் கிழங்கு மேல் கிழங்கு போட்டுவிடாதீர்கள்! உங்கள் துண்டில் வாடல்தான் கூடும்.

இந்த நல்ல பற்றீரியாக்கள் நோய் வருமுன் காக்க மட்டும்தான். நடும்போதே வேரடியில் இருக்க வேண்டும், தின்ன மக்கிய எரு வேண்டும். எருவே காணாத மண்ணில் ஊற்றினால், ஏற்கெனவே அங்கிருக்கும் கிருமிகளோடு போட்டி போட முடியாமல் அழிந்துவிடும். செம்பு மருந்து அடித்த கையோடு ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, வாடிய செடியைக் கிழங்கோடும் வேர்மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துவது. கூட்டெருக் குழியில் போடாதீர்கள். கீழ்ப் பாத்திக்குத் தண்ணீர் இறங்காமல் கான் வெட்டித் திருப்புங்கள். அடுத்த போகங்களுக்கு லீக்ஸ், கரட், கோவா போடலாம். தக்காளி, மிளகாய், கத்தரி வேண்டாம், அவையும் கிழங்குக்குச் சொந்தக்காரர்கள், இதே நோய் பிடிக்கும். இந்தத் துண்டில் எடுத்த கிழங்கு பார்க்க நன்றாக இருந்தாலும் விதைக்கு வைக்காதீர்கள், நம் குளிரில் நோய் வெளியே தெரியாமல் உள்ளேயே கிடக்கும். சான்றளித்த விதைக்கிழங்கு எங்கே கிடைக்கும் என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். ஏற்கெனவே போத்தலை வாங்கியிருந்தால், கையோடு அதையும் காட்டுங்கள். உள்ளே எந்தப் பற்றீரியா, எப்போது தயாரித்தது என்று எழுதியில்லாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.