"சாப்பாட்டுச் செலவே இல்லையே" என்று கேட்கும் அண்ணனும் ஏறாத இஎம்ஐயும்

கேள்வி: எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து 16 மாதம் ஆகிறது. எடை நன்றாகவே குறைந்திருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் நின்றுவிட்டது. ஆபரேஷனுக்காக மூன்று வருட லோன் எடுத்தேன். பத்தாவது மாதம் அண்ணனின் தொழிலுக்காக அதே லோனில் டாப்-அப் (ஓடிக்கொண்டிருக்கும் கடனின் மேலேயே கூடுதல் கடன்) வாங்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் என் கூடவே இருந்தவர் அவர்தான், மறுக்க மனம் வரவில்லை. அதுபோக மாதாமாதம் கைமாற்றாகவும் கொஞ்சம் போகிறது. இப்போது இன்னொரு டாப்-அப் கேட்கிறார். "உனக்குத்தான் சாப்பாட்டுச் செலவே இல்லையே" என்கிறார். டாப்-அப் எடுத்துக்கொள்ளச் சொல்லி வங்கியிலிருந்தும் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. இதற்கிடையில் தொங்கும் தோலை எடுக்கும் ஆபரேஷனை வட்டியில்லாத் தவணையில் செய்து தருவதாக ஒரு மருத்துவமனை சொல்கிறது. செலவைக் குறைக்க ஐந்து மாதமாக விட்டமின் மாத்திரைகளை நிறுத்தியிருக்கிறேன், வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் தள்ளிப்போய்விட்டது. கால் மரத்துப்போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அலைச்சலாக இருக்கும். அண்ணனுக்குக் கொடுக்கலாமா, தோல் ஆபரேஷனுக்குப் போகலாமா? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது லோன் இல்லை, "அலைச்சலாக இருக்கும்" என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வரிதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் பைபாஸ் செய்துகொண்டவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, கால் மரத்துப்போகிறது என்று எழுதினால், அவரிடம் முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவது தப்பு. இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். வங்கிக்கோ அண்ணனுக்கோ பதில் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, கணக்குக்கு வருவோம். தொகை வேண்டாம் என்றதால் உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த அளவில்தான். ஆபரேஷன் லோன் 400, வட்டி 15 சதவீதம், 36 மாதம், இஎம்ஐ ஏறத்தாழ 14. பத்து மாதம் கட்டியபோது பாக்கி 306 வரை இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் வங்கி அதை 500 ஆக்கி, 48 மாதமாக நீட்டியது. அண்ணன் கைக்குப் போனது சுமார் 194. புது இஎம்ஐ எவ்வளவு? அதே 14. இஎம்ஐ ஏறவில்லை என்பதால்தான் உங்களுக்கு வலிக்கவே இல்லை. ஆனால் 26 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய கடன் 48 மாதமாகிவிட்டது, அதாவது கூடுதலாக 22 மாதம், மாதம் 14 வீதம் 308. 194 கொடுத்ததற்கு உங்கள் பையிலிருந்து 308 போகப்போகிறது.

இப்போது பாக்கி சுமார் 452, இன்னும் 42 மாதம் இருக்கிறது. அடுத்த டாப்-அப்பை எடுத்தால் வங்கி அதை 60 மாதமாக்கி, அதே 14 இஎம்ஐயில் இன்னொரு 135 கையில் கொடுக்கும். அண்ணனே கேட்காமல் இருந்தால்கூட அந்த மெசேஜ் வரும். ஆபரேஷனுக்காக மூன்று வருடத்துக்கு வாங்கிய கடனை ஆறு வருடத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களைக் கெடுப்பது இந்த ஒரு பழக்கம்தான்: மாதத் தவணை ஏறாவிட்டால் செலவே ஆகவில்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவது.

அண்ணன் சொல்கிற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தட்டில் பாதிகூட சாப்பிடாமல் எழுந்திருப்பதைப் பார்க்கிறார், சாப்பாட்டில் மிச்சமாகிறது என்று நினைக்கிறார். அவர் பார்க்காததும் இருக்கிறது. பைபாஸில் உணவு வயிற்றின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் நன்றாக உறிஞ்சப்படும் இடம் அந்த முதல் பகுதிதான்; பி12 உறிஞ்சப்படுவதற்கும் வயிற்றில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். அதனால்தான் மாத்திரை ஆயுள் முழுக்க. என் சித்தப்பா மகளுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அவள் கட்டில் பக்கத்தில் ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா இருக்கும், செல்போனில் நான்கு அலாரம். காலையில் இரும்பு, இரண்டு மணி நேர இடைவெளி விட்டு கால்சியம் சிட்ரேட், மதியம் மறுபடி ஒன்று, இரவு இன்னொன்று. விருந்தாளி வந்திருந்தாலும் அலாரம் அடித்தால் எழுந்து போவாள். சாப்பாட்டில் குறைந்த செலவு அந்த டப்பாவுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மாத்திரையை நிறுத்தியதில் மாதம் மிச்சம் 3. அண்ணனுக்குக் கைமாற்று மாதம் 4. நேராகவே சொல்கிறேன், உங்கள் மாத்திரைக் காசுதான் அவரிடம் போகிறது. முதல் டாப்-அப்பில் கொடுத்த 194 ஐந்து வருடத்துக்கும் மேலான மாத்திரைக் காசு. பி12 உடம்பில் சேமிப்பாக இருக்கும், உடனே தீராது, மாதக்கணக்கில் மெதுவாகக் கரையும். அதனால் நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது, தெரியும்போது நரம்பில் தெரியும், அதில் சில பாதிப்பு திரும்பாமலே போகலாம். மூச்சு வாங்குவது இரும்புச்சத்து குறைவாலும் இருக்கலாம். எதுவென்று பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதுவரை கடையில் கிடைக்கும் ஜெல்லி மிட்டாய் மாதிரியான விட்டமின்களை வாங்கிச் சமாளிக்காதீர்கள், பலவற்றில் இரும்பே இருக்காது, விலை மட்டும் இருக்கும். முடி கொட்டுகிறது என்று கொலாஜன் பவுடர் விற்க வருபவர்களையும் தள்ளியே வையுங்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது? ஆஸ்பத்திரியில் உங்களோடு இருந்தது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நன்றிக்கடனை வங்கிப் பணத்தால் அடைக்க முடியாது, அவரும் அப்படி எதிர்பார்த்து வந்து உட்கார்ந்திருக்க மாட்டார். இப்போதுள்ள பாக்கியில் அவருடைய பங்கு ஏறத்தாழ 208. லோன் ஸ்டேட்மென்ட்டை எதிரே வைத்து, "அண்ணா, இதில் உங்கள் பங்கு இவ்வளவு, மாதம் ஆறரை கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுத்தால் அதை உங்கள் 14-உடன் சேர்த்துக் கட்டுங்கள், 42 மாதம் 26 ஆக இறங்கும். தவணைக்கு மேல் கட்டுவது அசலில் கழியும் என்று வங்கியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முன்கூட்டிக் கட்ட அபராதம் உண்டா என்றும் பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால் கைமாற்று இந்த மாதத்தோடு நிற்கட்டும். கோபப்படுவார். மரத்துப்போன காலைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. சொல்லுங்கள். ராத்திரி கண் விழித்துப் பார்த்துக்கொண்டவர், கேட்டதும் மாறலாம்.

தோல் ஆபரேஷன் உங்களுக்கு வேண்டும் என்பது புரிகிறது. அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன், மடிப்பில் புண்ணும் அரிப்புமாக அவதிப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது வேண்டாம். எடை சில மாதங்கள் ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் செய்வார்கள், ரத்தமும் புரதமும் குறைவாக இருந்தால் காயம் ஆறுவது கஷ்டம். அந்த வட்டியில்லாத் தவணையையும் நம்பாதீர்கள். அவர்கள் சொல்லும் விலை 150, பன்னிரண்டு தவணை, பிராசசிங் கட்டணம் 3. "மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். 138 என்று சொன்னால், தவணையில் போவதால் கிடைக்காமல் போகும் தள்ளுபடி 12, கட்டணம் 3, சேர்ந்து 15 உங்கள் தலையில். பாக்கி மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி, உங்கள் லோனைவிட அதிகம். இன்னொன்று, தோல் மடிப்பில் தொற்று வந்தால் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள், போட்டோ உட்பட. பெரும்பாலான காப்பீடுகள் இதை அழகுக்கான சிகிச்சை என்று தள்ளிவிடும், அப்படிப்பட்ட பதிவு இருந்தால்தான் சிலவற்றில் பேசவாவது இடம் இருக்கும்.

இனி ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருத்துவமனை தரும் பேக்கேஜ் தொகையை மட்டும் வைத்து லோன் கணக்குப் போடாதீர்கள். வேலைக்குப் போக முடியாத வாரங்கள், முதல் வருடத்திலேயே மூன்று நான்கு தடவை ரத்தப் பரிசோதனை, மாத்திரை, புரதப் பவுடர், சைஸ் மாற மாற வாங்கும் துணி, இதெல்லாம் அதில் இருக்காது. இஎம்ஐ போக மாதம் 5 தனியாக நிற்குமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்களுக்கும் அதே 5தான். சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், அந்தக் கணக்கு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கைமாற்று 4 நின்றாலே கிட்டத்தட்ட வந்துவிடும். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் எழுதுங்கள், தோல் ஆபரேஷனுக்கு எப்படிச் சேர்ப்பது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.