ஓலியம் என்றால் என்ன? 23% ஓலியமும் 105% சல்ஃப்யூரிக் அமிலமும் ஒன்றா?

ஒரு விற்பனையாளரின் விலைப்பட்டியலில் ‘23% ஓலியம்’ என்றும் மற்றொருவரின் பட்டியலில் ‘105% சல்ஃப்யூரிக் அமிலம்’ என்றும் இருப்பதைக் குறிப்பிட்டு, இவை வெவ்வேறு பொருள்களா, நூற்றுக்கு மேல் சதவீதம் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். நான் அமில ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பணிபுரிந்தபோது கொள்முதல் பிரிவினர் இதே ஐயத்தோடு வருவதுண்டு. 65% ஓலியம் 98% அமிலத்தைவிட வீரியம் குறைந்தது என்று நினைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

98% அமிலம் என்றால் 100 கிலோவில் 98 கிலோ அமிலம், மீதி 2 கிலோ நீர். ஓலியத்தில் அப்படித் தனித்த நீர் கிடையாது. நீரற்ற தூய சல்ஃப்யூரிக் அமிலத்தில் சல்ஃபர் டிரை ஆக்சைடு மேலும் கரைந்திருக்கும் திரவமே ஓலியம்; பாடநூல்கள் புகையும் கந்தக அமிலம் என்று சொல்வதும் இதைத்தான். ஆகவே ஓலியத்தின் பெயருக்கு முன்னால் வரும் எண் அமிலத்தின் அளவைக் குறிப்பதில்லை, கரைந்திருக்கும் அந்த டிரை ஆக்சைடின் எடையையே குறிக்கிறது.

80 கிலோ சல்ஃபர் டிரை ஆக்சைடு 18 கிலோ நீருடன் சேர்ந்தால் 98 கிலோ சல்ஃப்யூரிக் அமிலம் கிடைக்கும். இதன்படி, 100 கிலோ 20% ஓலியத்தில் உள்ள 20 கிலோ டிரை ஆக்சைடு, வெளியிலிருந்து 4.5 கிலோ நீரை எடுத்துக்கொண்டு 24.5 கிலோ அமிலமாகும். ஏற்கெனவே இருக்கும் 80 கிலோவைக் கூட்டினால் 104.5 கிலோ; நூற்றைத் தாண்டும் அந்த அமிலச் சதவீதம் இதுதான். ஓலிய சதவீதத்தை 0.225-ஆல் பெருக்கி நூறுடன் கூட்டினால் எந்தச் சரக்குக்கும் கணக்கு வந்துவிடும்: 23% ஓலியம் சுமார் 105.2, 65% ஓலியம் சுமார் 114.6. இது வெறும் காகிதக் கணக்கும் அன்று. மெல்லிய கண்ணாடிக் குமிழில் ஓலியத்தை அடைத்து எடைபோட்டு, மூடிய குடுவையில் நீருக்குள் அதை உடைத்து, எவ்வளவு காஸ்டிக் சோடா அதை நடுநிலையாக்குகிறது என்று தரம்பார்த்தால், விடை நேராகவே நூற்றைத் தாண்டித்தான் வரும். அடர்த்திமானியை மட்டும் நம்பிவிட வேண்டாம். 98 சதவீதத்தை ஒட்டி அமிலத்தின் அடர்த்தி உச்சத்தைத் தொட்டு, நூறை நெருங்கும்போது சற்றே இறங்குவதால், அந்த எல்லையில் ஒரே அளவீட்டுக்கு இரண்டு செறிவுகள் பொருந்தும்.

தொழிலில் ஓலியத்துக்கு மதிப்பு வருவதற்குக் காரணம் அதன் நீர்வேட்கை. சலவைத்தூளின் அழுக்கு நீக்கும் மூலப்பொருளான ஆசிட் ஸ்லரி செய்யும்போது ஆல்கைல் பென்சீனுடன் 98% அமிலத்தைச் சேர்த்தால், வினையிலேயே நீர் உண்டாகி எஞ்சிய அமிலத்தை நீர்க்கச் செய்துவிடும், ஓரளவுக்குக் கீழே செறிவு இறங்கியதும் வினை நின்றுபோகும். ஓலியத்தில் உள்ள டிரை ஆக்சைடு அந்த நீரையும் அமிலமாக்கிக்கொள்வதால் வினை முன்னேறும், கழிவு அமிலமும் குறையும். பெரிய ஆலைகள் இப்போது டிரை ஆக்சைடு வாயுவையே நேரடியாகப் பயன்படுத்துகின்றன. சாய இடைப்பொருள்கள், வெடிமருந்துக்கான நைட்ரோ ஏற்றம், நைலான்-6 இழைக்கான கேப்ரோலாக்டம் ஆகியவற்றிலும் ஓலியத்துக்கு இடமுண்டு. கொச்சிக்கு அருகே உத்யோகமண்டலில் உள்ள ஃபாக்ட் நிறுவனத்தின் கேப்ரோலாக்டம் ஆலை நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு.

சந்தையில் 20 முதல் 25 சதவீதம் வரையிலும், அதை விட்டால் 65 சதவீதத்திலும் ஓலியம் கிடைப்பதும், இடைப்பட்டது அரிதாக இருப்பதும் தற்செயல் அல்ல. சுமார் 45 சதவீதத்தில் அது பைரோசல்ஃப்யூரிக் அமிலத்தின் (ஒரு மூலக்கூறு அமிலமும் ஒரு மூலக்கூறு டிரை ஆக்சைடும் சேர்ந்த சேர்மம்) இயைபை எட்டுகிறது. அதன் உருகுநிலை ஏறத்தாழ 36 பாகை செல்சியஸ் என்பதால், சென்னையின் மார்கழியில்கூட டாங்கிலேயே கட்டியாகிவிடும்.

‘ஓலியம் வாயு’ என்ற சொல்லாட்சியையும் நீங்கள் செய்திகளில் படித்திருக்கக்கூடும். 1985 டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் டாங்க் உடைந்த நிகழ்வும், அதன் தொடர்ச்சியாக 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துவோருக்கு விதிவிலக்கற்ற முழுப் பொறுப்பை வகுத்த, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கின் தீர்ப்பும் அந்தச் சொல்லை நிலைநிறுத்திவிட்டன. உள்ளபடி ஓலியம் திரவம். அதிலிருந்து எழும் டிரை ஆக்சைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்ணிற அமிலப் பனியாகப் பரவுவதையே மக்கள் வாயு என்கிறார்கள். கசிந்து தேங்கிய ஓலியத்தின் மேல் நேராக நீரை அடித்தால் அது சீறித் தெறிக்கும், பனியும் பெருகும்.

கொள்முதல் ஆணையில் ‘தனித்த சல்ஃபர் டிரை ஆக்சைடு 23%, எடைவழி’ என்று தெளிவாக எழுதுங்கள். 105% என்று மட்டும் எழுதினால் சரக்கு 22 சதவீதமாக வந்தாலும் வாதிட இடமிருக்காது. 98% அமிலத்துக்குப் பயன்பட்ட சாம்பல்நிற வார்ப்பிரும்புக் குழாயையோ வால்வையோ ஓலியத்துக்கு அப்படியே பயன்படுத்தவும் கூடாது. ஓலியம் அந்த உலோகத்தின் கிராஃபைட் இழைகளுக்குள் ஊடுருவி, முன்னறிவிப்பின்றி வெடிப்பு விழச் செய்யும்.