14 மாதத்தில் 8 கிலோதான் இருக்கிறாள், எடை கூட என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம். பிறந்தபோது 2.7 கிலோ, 6 மாதத்தில் 6.3, ஒரு வயதில் 7.6, இப்போது 8 கிலோ. சுறுசுறுப்பாக இருக்கிறாள், ஆனால் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உறவில் அவள் வயதுப் பெண் குழந்தை 10.5 கிலோ. பார்ப்பவர்கள் எல்லாம் “ஒல்லியாக இருக்கிறாளே” என்கிறார்கள். பசி டானிக் கொடுக்கலாமா? மூத்த மகனுக்கு 13 வயது, அவனும் வகுப்பிலேயே குள்ளம். குடும்பத்தில் ஏதாவது குறையா?

பதில்:

மகளுக்கு எடை கூட வேண்டும் என்று நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நீங்களே கொடுத்திருக்கும் எண்களை வைத்துத்தான் இதைத் துணிந்து சொல்கிறேன். குழந்தைகள் நலப் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். குழந்தையை எடை பார்த்து, நீளம் அளந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது என் அன்றாட வேலை. டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அம்மாக்கள் எடை பார்க்கும் இடத்தில் கேட்டுவிடுவார்கள். அங்கே நான் அதிகம் கேட்டது உங்கள் கேள்வியைத்தான்.

அந்த நான்கு எடைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் பெண் குழந்தைகளுக்கான அட்டையில் குறித்துப் பார்த்தேன். நான்கு புள்ளிகளும் 3-ஆவது பெர்சென்டைல் கோட்டுக்கும் 15-ஆவது கோட்டுக்கும் நடுவில், கோடுகளோடு சேர்ந்தே மேலே போகின்றன. பிறந்த அன்று எந்த இடத்தில் இருந்தாளோ கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இன்றும் இருக்கிறாள். இப்போது சுமார் 10-ஆவது பெர்சென்டைல். அதாவது, நன்றாக வளரும் நூறு பெண் குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் இவளுக்குக் கீழே இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களும் நன்றாக வளர்கிறவர்களே. உறவுக்காரக் குழந்தை 85-ஐ ஒட்டி இருக்கும். இரண்டுமே இயல்பு. 50-ஆவது கோட்டைத் தேர்ச்சி மதிப்பெண் போலப் பார்க்கிறார்கள். உலகில் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழேதான் இருந்தாக வேண்டும்.

ஒரு புள்ளியை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 8 கிலோ என்ற எண் உங்கள் மகளுக்குச் சரி. ஒரு வயதில் 9 கிலோ இருந்துவிட்டு 14 மாதத்தில் 8-க்கு இறங்கிய குழந்தை என்றால், அதே எண்ணைப் பார்த்து அன்றே டாக்டரிடம் அனுப்புவேன். அதனால் யாராவது “எடை குறைவு” என்றால், முந்தைய எடைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

இந்த அட்டை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு முன்பு பல நாடுகளில் பயன்பட்ட அட்டை, அமெரிக்காவில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை அளந்து போட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறிவிட்டுப் பிறகு நிதானிக்கும். பழைய அட்டையில் அது சறுக்கல் போலத் தெரியும். “பால் போதவில்லை” என்று சொல்லப்பட்டு, நன்றாகச் சுரந்துகொண்டிருந்த பாலை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அதைச் சரிசெய்யத்தான் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006-இல் புதிய அட்டையை வெளியிட்டார்கள். தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வசதிக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகளை மட்டுமே எடுத்தார்கள். குழந்தைகளின் நீளத்தில் இருந்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்று சொல்லக்கூடியது சுமார் 3 சதவீதம்தான். 70 சதவீதம் ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வேறுபாடு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இனி, சாப்பாட்டைக் கண்டு முகம் திருப்புவது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளில் இது அவ்வளவு சகஜம். காரணம் எண்களிலேயே இருக்கிறது. அட்டையின் நடுக்கோட்டில் இருக்கும் பெண் குழந்தை முதல் 6 மாதத்தில் 4 கிலோ கூடுகிறாள். அடுத்த 6 மாதத்தில் 1.6 கிலோ. ஒன்று முதல் இரண்டு வயதுவரை, முழு வருடத்துக்கும் சேர்த்து 2.6 கிலோ. வளரும் வேகம் இவ்வளவு குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். பெரியவர்கள் கண்ணுக்கோ, “போன வருடம் அவ்வளவு குடித்தவள் இப்போது ஒன்றுமே சாப்பிடுவதில்லை” என்று படும். உங்கள் மகள் இரண்டு மாதத்தில் 400 கிராம் கூடியிருக்கிறாள். நடுக்கோட்டுக் குழந்தையே அதே இரண்டு மாதத்தில் அரை கிலோதான் கூடும்.

கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை அழுத்தி, போனில் படம் ஓடவிட்டு ஊட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி ஊட்டப்பட்ட குழந்தை ஸ்பூனைத் தூரத்தில் பார்த்ததுமே உதட்டை இறுக்கிக்கொள்ளும், குமட்டும், விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரமே பயமான நேரமாகிவிடுகிறது, எடையும் கூடுவதில்லை. என்ன கொடுப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். இடையிடையே பாலோ பிஸ்கட்டோ போகாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வேளைக்குப் பசி தானே வரும்.

1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்குத் தாங்களே உணவைத் தேர்ந்தெடுக்க விட்டுப் பார்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் முறை வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஸ்பூனோடு ஒரு நர்ஸ். குழந்தை கை நீட்டினால் ஒழிய அவர் கொடுக்கக் கூடாது. “இதைச் சாப்பிடு” என்று முகத்தாலும் காட்டக் கூடாது. ஒரு குழந்தை சாப்பிட்ட மாதிரி இன்னொன்று சாப்பிடவில்லை. ஒரே குழந்தை ஒரு நாள் ஒன்றையே தின்று அடுத்த நாள் அதைத் தொடவில்லை. எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகி வளையும் நோய்) இருந்த ஒரு குழந்தை மீன் எண்ணெயைத் தானே விரும்பிக் குடித்து, எலும்பு சரியானதும் நிறுத்திக்கொண்டது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கிண்ணங்களில் இனிப்பும் பாக்கெட் பண்டமும் இல்லை. எதை முன்னால் வைப்பது என்பது பெரியவர் கையில்தான் இருந்தது, டேவிஸும் அதைத் தெளிவாகச் சொன்னார். அந்த நர்ஸ் இடத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

பசி டானிக் வேண்டாம். பல டானிக்குகளில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அடிப்படையில் அது அலர்ஜிக்கான மருந்து, தூக்கத்தை வரவழைக்கும். 2 வயதுக்குக் கீழ் அதன் பாதுகாப்பு உறுதி செய்யப்படவில்லை. டாக்டர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதினால் அது வேறு விஷயம். கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டருக்கு அதிகமாக மாட்டுப்பால் போனால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். கண் இமையின் உள்பக்கமோ உள்ளங்கையோ வெளுத்திருந்தால், மண், சுண்ணாம்பு போன்றவற்றைத் தின்றால், ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை எடை பார்க்கும்போது, முடிந்தால் அதே எடை இயந்திரத்தில் பாருங்கள். உடையைக் கழற்றிவிட வேண்டும். நன்றாக நனைந்த டயப்பர் தனியாகவே 200 கிராமுக்கு மேல் இருக்கக்கூடும். உங்கள் மகளின் ஒரு மாத வளர்ச்சியே அதில் மறைந்துபோகலாம். நீளம் அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையின் தலையைப் பலகையின் மேல்முனையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதம் முழுவதும் படும்படி கீழ்ப்பலகையை நகர்த்த வேண்டும். முழங்கால் மடங்கினால் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். மெத்தையில் படுக்கவைத்து டேப் வைத்து அளந்ததை நம்பி மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் 2 வயதுவரை வயதைக் கணக்கிட வேண்டும். சும்மா பயந்துபோய் வருகிறவர்களில் கணிசமானவர்கள் இதைக் கழிக்காதவர்கள்.

நடக்கவில்லையே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அடுத்து யாராவது கேட்பார்கள். மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்வில், தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம்வரை விரிந்திருந்தது.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? குழந்தையின் எடைக் கோடு, அட்டையில் போட்டிருக்கும் 3, 15, 50, 85 போன்ற பெரிய பெர்சென்டைல் கோடுகளில் இரண்டைத் தாண்டிக் கீழே வந்தால். எடை கூடாமல் நின்றதோடு, விடாத வயிற்றுப்போக்கு, வாந்தி, அடிக்கடி சளிக் காய்ச்சல், பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால். கோதுமை உணவு தொடங்கிய சில மாதங்களில் எடை இறங்கி வயிறு உப்பினால் சீலியாக் நோயா (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று பார்க்க வேண்டும். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் தைராய்டு முதலான ஹார்மோன்களைப் பார்ப்பார்கள். சாப்பாடு குறைந்த குழந்தைக்கு முதலில் எடைதான் குறையும், உயரம் பிறகுதான் நிற்கும். எது முதலில் நின்றது என்பதே டாக்டருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். தலைச் சுற்றளவையும் விடாமல் அளக்கச் சொல்லுங்கள்; அது கோடுகளைத் தாண்டி வேகமாக ஏறினாலும் நின்றுபோனாலும் காத்திருக்கக் கூடாது.

எந்த வயதானாலும் சரி, எடை இறங்குவதோடு தண்ணீர் தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், படுக்கையை நனைப்பதை நிறுத்திய குழந்தை மறுபடி நனைத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தச் சர்க்கரை பாருங்கள். அது டைப் 1 சர்க்கரை நோயாக இருக்கலாம். ஓரிரு நாள் தள்ளினாலும் குழந்தை மயக்கநிலைக்குப் போய்விடக்கூடும்.

இப்போது மூத்தவன். அவனிடமும் கேட்க வேண்டிய கேள்வி, போன வருடத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்பதுதான். பருவ வயது தொடங்கும்வரை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வது வழக்கம். தொடங்குவதற்குச் சற்று முன்பு வேகம் கொஞ்சம் குறையும், அந்த நேரத்தில்தான் முன்னதாகத் தொடங்கிய நண்பர்கள் கிடுகிடுவென்று உயர்ந்து நிற்பார்கள். பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பெண்களுக்கு 8 முதல் 13. பையன்களின் உச்ச வளர்ச்சி சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், அந்த ஒரு வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர்கூட ஏறுவார்கள். பெண்களுக்கு அது சுமார் 12 வயதில், பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும். எனவே ஒரே வகுப்பில் 13 வயதுப் பையன்களுக்குள் 20 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அவன் அப்பாவோ தாய்மாமாவோ பள்ளிக் கடைசி வருடங்களில்தான் உயர்ந்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். தாமதமாக வளர்வது பரம்பரையாக வருவது. பெற்றோர் இருவரின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் மகன் எட்டக்கூடிய உயரம் தோராயமாகத் தெரியும் (மகளுக்கு 13-ஐக் கழிக்க வேண்டும்). அதிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் கூடவோ குறையவோ போகலாம். செருப்பு அளவு சட்டென்று மாறுகிறதா என்றும் பாருங்கள், பாதம்தான் முதலில் வளரத் தொடங்கும். உயரம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் பவுடர்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அதைவிட, யாரும் அவனை மற்றவர்கள் முன்னால் நிறுத்தி ஒப்பிட்டுப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்த வயதில் அது ஆழமாகப் புண்படுத்தும்.

வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தாலோ, 14 வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் அறிகுறி எதுவும் தொடங்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எலும்பு வயது 11 என்று வந்தால், அவனுக்கு வளர இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று அர்த்தம். பள்ளியில் வருடா வருடம் உயரம் அளந்து எழுதியிருந்தால் அந்த அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். புதிதாக அளந்து ஆறு மாதம் காத்திருப்பது அதனால் மிச்சமாகும்.