அம்மாவின் குறிஞ்சி மலர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் செந்தூலில் வசிக்கிறேன். வயது 31. ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. என் அம்மா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' நாவலைப் படித்துவிட்டுத்தான் எனக்குப் பூரணி என்று பெயர் வைத்தார். அண்ணன் பெயர் அரவிந்தன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒரு வாசகர் சந்திப்புக்கு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். உங்கள் வாழ்க்கையைப் பாதித்த புனைவு எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். நான் ஒரு ரஷ்ய நாவலைச் சொன்னேன். அம்மா எழுந்து 'குறிஞ்சி மலர்' என்றார், அதைப் பற்றிப் பேசவும் தொடங்கிவிட்டார். எதிரே இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது தரமில்லாத இலட்சியவாத நாவல் என்று பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். நான் மூன்று அத்தியாயங்களுக்கு மேல் போகவில்லை. தரமில்லாத ஒரு நாவல் ஒருவருடைய வாழ்க்கையை நல்லவிதமாகப் பாதிக்க முடியுமா? அம்மாவிடம் அதன் தரத்தைப் பற்றி எடுத்துச் சொல்லலாமா? பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தது உண்டு. வாழ்க்கையை மாற்றக்கூடிய பத்து நாவல்களின் பட்டியல் ஒன்றும் தந்தால் உதவியாக இருக்கும்.

பூரணி
செந்தூல், கோலாலம்பூர்

—

அன்புள்ள பூரணி,

பட்டியல் தர மாட்டேன். அப்படிப்பட்ட பட்டியல்கள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. பெயர் உங்கள் சொந்த விஷயம். பதிவிலாகாவில் அதற்கு வழி இருக்கிறது, அம்மாவுக்கு மனம் நோகும், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் கைப்பேசியை எடுத்தீர்கள் பாருங்கள், அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

அந்த இரண்டு பேர் சிரித்தது அவர்களோடு போகட்டும். நீங்கள் ஏன் தலையைக் குனிந்தீர்கள்? தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே எழுந்து நின்று, தன்னைத் தொட்ட புத்தகத்தின் பெயரைக் கூசாமல் சொல்கிறார் உங்கள் அம்மா. கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது. உங்கள் ரஷ்ய நாவல் உங்களை என்ன செய்தது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை, அதன் பெயர்கூட இல்லை. அம்மாவின் நாவல் அவரை என்ன செய்தது என்பதற்கு நீங்களும் உங்கள் அண்ணனும் அடையாள அட்டையோடு சாட்சி. யாருடைய வாழ்க்கையை எது பாதித்தது என்று அந்தக் கூட்டத்தில் இதைவிடத் தெளிவாக யாராவது நிரூபித்தார்களா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான், ஆனால் உங்கள்மேல் மட்டும் இல்லை. கொஞ்ச காலமாகவே நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் பெரியம்மா.

நாங்கள் பினாங்கில் ஜெலுத்தோங் ஆட்கள். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இறந்தபோது பெரியம்மாவுக்குப் பத்தொன்பது வயது. அடுத்து இரண்டு மாமாக்கள், கடைக்குட்டி என் அம்மா. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கி, வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். அவர்கள் தேடியது இளம்பெண்களை. குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள், விரல் நிதானமாக இருக்கும், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று கணக்கு. பெரியம்மா போய்ச் சேர்ந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்துகிற வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். ராத்திரி ஷிஃப்டுக்கு ஃபேக்டரி பஸ் சாலைமுனையில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு வயசுப்பெண் தனியாக நடந்து போய் பஸ் ஏறினால் அக்கம்பக்கம் என்ன பேசுமோ அதைப் பேசியது. பாட்டியின் சொந்த அண்ணனே வாசலில் நின்றுகொண்டு, இந்தப் பணத்தில் பொங்கிய சோற்றை இந்த வீட்டில் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வேறு பணம் எதுவும் அவர் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் பெரியம்மாவிடம் இருந்தது 'குறிஞ்சி மலர்'. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை அது. கல்கியில் தொடராக வந்ததை யாரோ ஒரு டீச்சர் வாராவாரம் கிழித்து எடுத்து, தைத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தார். அது கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து நின்றுவிட்டது. சிறுவயதில் நானும் அதைப் புரட்டியிருக்கிறேன். சில அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்னால் பாதி விளம்பரம் இருக்கும், இன்னொருவருடைய கதையின் வால் இருக்கும். அப்போதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து இதழ்கள் கப்பலில்தான் வரும், எல்லா வாரமும் கைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பைண்டில் நடுவே ஒரு அத்தியாயம் இல்லை. அதில் என்ன நடந்திருக்கும் என்று பெரியம்மா தானாகவே ஒன்று சொல்லி வைத்திருந்தார். பிற்பாடு நான் அச்சுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தபோது முதலில் அந்த அத்தியாயத்தைத்தான் தேடிப் படித்தார். படித்துவிட்டு, "நான் வச்சிருந்ததுதான் நல்லா இருக்கு" என்றார்.

நாவலில் பூரணியின் அப்பா தமிழ்ப் பேராசிரியர். அவர் இறந்ததும் இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் பூரணி தலையில் ஏற்றுக்கொள்கிறாள். யாரிடமும் கைநீட்டக் கூடாது என்று நிற்கிறாள். பெரியம்மா வீட்டிலும் இரண்டு தம்பி, ஒரு தங்கை. மதுரைப் பேராசிரியர் வீட்டுக்கும் ஜெலுத்தோங்கில் மூட்டை தூக்கியவர் வீட்டுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது போதுமாக இருந்தது. வீட்டுக்காக வெளியே போய்ச் சம்பாதிக்கிற பெண் என்றால் அன்றைக்கு ஊருக்கு இரண்டே பார்வைதான், ஒன்று ஐயோ பாவம், இல்லையென்றால் அசிங்கமான பேச்சு. இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு பெண் நிமிர்ந்து நடக்கலாம் என்று அவருக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, தெருவில் ஆள் இல்லை, கோயிலில் ஆள் இல்லை. ஒரு நாவல் சொன்னது.

சரி, தரம். கலை என்று பார்த்தால் அந்த நாவல் பலவீனமானதுதான். பாத்திரங்கள் வீட்டுக்குள்ளேயும் மேடையில் நிற்பதுபோலப் பேசுவார்கள். பூரணிக்கு ஒரு சின்னப் பொறாமை கிடையாது, அற்ப ஆசை கிடையாது, ஒருநாள் அலுத்துப்போய்த் தம்பியை அடித்தாள் என்பது கிடையாது. நா.பா. 1932-இல் பிறந்தவர், தொடர் வந்தது 1960-ஐ ஒட்டி. முப்பது வயதைத் தொடாத ஒருவரின் வேகம் அது, அதன் அழகும் அவசரமும் இரண்டுமே அதில் தெரிகின்றன. அவருக்கு 1971-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்தது 'சமுதாய வீதி', அது வேறு மாதிரி நாவல். இதையெல்லாம் என்னால் தயங்காமல் சொல்ல முடிகிறது. ஏனென்றால் நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் மூன்று அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டுச் சொல்கிறீர்கள், பூரணி. இதை விட மாட்டேன். யாரோ எழுதிய நான்கு வரியை வைத்துக்கொண்டு, அம்மா வாழ்நாள் முழுக்கச் சுமந்த ஒரு நாவலுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். அந்த நான்கு வரி உண்மையாகவே இருக்கட்டும், அது உங்களுடையது இல்லை. கணக்காய்வு வேலை பார்க்கிறேன் என்கிறீர்கள். ரசீதைப் பார்க்காமல் கணக்கில் கையெழுத்துப் போடுவீர்களா? பிடிக்காத நாவலைப் பாதியில் வைத்துவிட எல்லாருக்கும் உரிமை உண்டு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு இந்த ஒரு நாவலில் மட்டும் அந்த உரிமை கிடையாது. உங்களை எப்படி வளர்க்க வேண்டும் என்று அம்மா மனதில் போட்டு வைத்திருந்த கணக்கில் பாதியாவது அதில் இருக்கும். கைநீட்டாதே, தலை குனியாதே, நாலு பேர் நடுவே பேசு என்று அவர் உங்களைச் சின்ன வயதில் நச்சரித்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான்காவது அத்தியாயத்துக்குப் பிறகுதான் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பலவீனம் என்று சொன்னேனே, அதுதான் பெரியம்மாவுக்கு உதவியது. நல்ல நாவலில் நாயகி தடுமாறுவாள், தன்னையே சந்தேகப்படுவாள், நாமும் அவளோடு சேர்ந்து சந்தேகப்படுவோம். நான் அப்படிப்பட்ட நாவல்களைத்தான் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் பாட்டியின் அண்ணன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன அன்று ராத்திரி பஸ் ஏறுவதற்குப் பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது துளியும் அசையாத ஒருத்தி. சந்தேகம் அவரிடமே வேண்டிய மட்டும் இருந்தது. கலையின் தராசும் ஒருவர் வாழ்க்கையில் நடந்ததும் வேறு வேறு. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

நல்லவிதமாகவா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்க இல்லை. தொழிற்சாலையில் ஒரு டெக்னீஷியன் பெரியம்மாவைப் பெண் கேட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர் என்று என் அம்மா இன்றும் சொல்வார். தம்பிகள் படிப்பு முடியட்டும் என்றார் பெரியம்மா. படிப்பு முடிந்தது, தம்பிகள் கல்யாணம் முடிந்தது, என் அம்மா கல்யாணமும் முடிந்தது. தியாகம் பழகிவிட்டது, அதை எங்கே நிறுத்துவது என்று அந்த நாவலில் எழுதியிருக்கவில்லை. அப்புறம் நாற்பதைத் தாண்டியதும் கண் மங்கத் தொடங்கியது. அத்தனை வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்த கண். வேலையை விட வேண்டி வந்தது. சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, விண்ணப்பியுங்கள் என்று மாமா விண்ணப்பப் பாரங்களை வாங்கி வந்து வைத்தார். பெரியம்மா தொடவில்லை. "யார்கிட்டயும் கைநீட்டினது இல்ல" என்றார். சொக்சோ தானம் இல்லை, மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்தது, முதலாளியும் சேர்த்துக் கட்டியது, அவருடைய சொந்தப் பணம். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம். மாமா கடைசியில் அழுதேவிட்டார். எந்த ஒரு பிடிவாதம் அவரைப் பத்தொன்பது வயதில் நிமிர்த்தியதோ அதே பிடிவாதம்தான் பிற்பாடு அவரை வருத்தியது. அந்த நாவலை நான் நேசிக்கிறேன், அந்தப் பாரங்கள் மேசையில் கிடந்ததற்காக அதன்மேல் எனக்கு ஆறாத கோபமும் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கே பதிவு செய்து வைத்திருக்கிறோம்? மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு என்று எடுத்தால் எழுத்தாளர் பெயர் இருக்கும், சங்கம் இருக்கும், போட்டியும் பரிசும் இருக்கும். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது என்று பெருமையாகச் சொல்வோம். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றது என்று வருத்தத்தோடு குறித்து வைப்போம். படித்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் கிடையாது. தோட்டத்து லயத்தில், கம்பத்து (கிராமத்து) வீட்டில், ஆள்மாற்றி ஆள் படித்து ஓரம் கிழிந்த அந்தப் பைண்டுகள் எத்தனை பெண்களை வேலைக்கு அனுப்பின, எத்தனை பேரைப் பள்ளிக்குத் திருப்பின, எத்தனை பேரைக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வைத்தன, யாராவது உட்கார்ந்து கேட்டோமா? 'குறிஞ்சி மலர்' வந்த பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குப் பூரணி, அரவிந்தன் என்று பெயர் வைத்தார்கள். இங்கேயும் வைத்தார்கள். உங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. அப்படிப் படித்துப் பெயர் வைத்த தலைமுறை இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் எழுந்து சொல்ல வந்தால் நாம் கைப்பேசியைப் பார்க்கிறோம்.

அம்மாவிடம் தரத்தைப் பற்றி எடுத்துச் சொல்லலாமா என்ற கேள்விக்கு: இப்போது கூடாது. காலமெல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவருக்கு அந்த நாவலின் குறை தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? முதலில் முழுசாகப் படியுங்கள். நா.பா.வின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, காசுகூடச் செலவாகாது. ஆனால் அம்மாவின் பிரதியைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது, எங்கே கோடு போட்டிருக்கிறார் என்று பார்க்கலாம். படித்த பிறகு தாராளமாகச் சண்டை போடுங்கள். பூரணி ஏன் ஒருதடவைகூட எரிச்சல் படவில்லை என்று கேளுங்கள். அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பதைவிட அவரோடு வாதாடுவது எவ்வளவோ மரியாதை.

முக்கியமாக முடிவைப் பற்றிக் கேளுங்கள். அரவிந்தன் இறந்துவிடுவான், பூரணி அவன் நினைவோடு தனியாக வாழ்வாள். பெரியம்மா அதைப் பல வருஷம் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். "அவனை எதுக்குச் சாகடிக்கணும்? கட்டிக்கிட்டிருந்தாலும் அவ அதே வேலையைச் செஞ்சிருப்பா" என்கிறார். இப்போது யார் வந்தாலும் இந்தப் பேச்சுதான். உங்கள் அம்மா கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, நாவலில் இறந்துபோனவனின் பெயரைத் தன் மகனுக்கு வைத்திருக்கிறார். அந்த முடிவை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.