என்.சி.சி. (தேசிய மாணவர் படை): வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாவது படிக்கும் மகன் என்.சி.சி.யில் சேரக் கையெழுத்துக் கேட்கிறான். நாளைக்குப் போர் என்றால் கூப்பிட்டுவிடுவார்களோ? (வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: மாட்டார்கள். என்.சி.சி.யில் இருப்பதாலேயே யாரையும் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எட்டாவதில் சேர்வதுதான் நல்லதும்கூட. என்.சி.சி.யின் முதல்நிலைச் சான்றிதழான ‘ஏ’ சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, 75 சதவீத வருகை, ஒரு முகாம் வேண்டும். ஒன்பதில் சேர்ந்தால் அந்தச் சான்றிதழுக்கான தேர்வு பத்தாவது பொதுத்தேர்வு ஆண்டில் வந்து நிற்கும்.

கேள்வி: அணிவகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுவது ஏன்? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: வெயில் பாதி, முழங்கால் பாதி. முழங்காலை விறைப்பாகப் பின்னுக்குத் தள்ளி நின்றால் கெண்டைக்கால் தசை அசையாது. ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்கு ஏறுவது குறையும். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். விழுந்தால் உட்கார வைக்காமல், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: இது தேசப்பற்றை வளர்க்கவா, இந்தியை நுழைக்கவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: பழைய வழக்கு ஐயா இது. சீனப் போருக்குப் பின் 1963-ல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்ட என்.சி.சி., 1968-ல் மறுபடி விருப்பத்துக்கு விடப்பட்டது. அதே 1968 ஜனவரியில்தான் அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்றது. கட்டளைக்கு வேண்டியது மொழியைவிட ஓசைதான். முன்பாதி இழுவை, பின்பாதி வெட்டு; அந்த வெட்டில்தான் குதிகால்கள் சேரும். இந்தி ‘சாவ்... தான்!’ செய்யும் வேலையை நம் பள்ளி மைதானத்து ‘நேர்... நில்!’ அப்படியே செய்கிறது. ‘தமிழில் விறைப்பு வராது’ என்பவர்கள் அதைக் காதால் கேட்டதில்லை போலும். மறுபுறம், நாலு கட்டளையால் ஒரு பிள்ளைக்கு இந்தி வந்துவிடும் என்பதும் மிகை.

தேச உணர்வு கட்டளையில் ஊறுவதில்லை. பத்து நாள் முகாமில், சாப்பாட்டு வரிசையில் ஊறுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் என்.சி.சி.யில் ஒரே இயக்குநரகம் என்பதால், பல ஊர்ப் பிள்ளைகளும் கலந்து பழகலாம். ஆனால் பல முகாம்களில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைகளையும் தனித்தனி அறையில் அடைத்துவிடுகிறார்கள், கணக்கெடுக்கச் சுலபம் என்று. கடலூர்ப் பையன் கடலூர்ப் பையனோடே தூங்கி எழுந்து திரும்புகிறான். அறையைக் கலந்து ஒதுக்குவார்களா என்று, அனுப்புமுன் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.